வகுப்பு ஃபைல் யாருடைய கணக்கில் இருக்கிறது?

பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு ஒரு மாதிரி வினாத்தாள். இயற்பியல் பகுதி ஒருவர், வேதியியல் ஒருவர், உயிரியல் ஒருவர் என்று பிரித்துக்கொள்கிறார்கள். வேர்ட் ஃபைல் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பிக்கிறது. ஃபைனல், ஃபைனல் நியூ, ஃபைனல் கரெக்‌ஷன் என்று பெயர் நீண்டுகொண்டே போகும். எது அச்சுக்குப் போனது என்பது தேர்வன்று கேள்வி எண் 17 இரண்டு முறை வந்திருப்பதைப் பார்த்தபிறகுதான் தெரியும். இந்தத் தொல்லை தாங்காமல்தான் பல ஆசிரியர்கள் கூகுள் டிரைவ் பக்கம் வருகிறார்கள்.

வந்தபிறகு தொல்லை வேறு உருவம் எடுக்கிறது. மாறுதலில் போன ஆசிரியரோடு மூன்று வருடப் பாடக்குறிப்பும் போய்விடுகிறது. மதிப்பெண் பட்டியலில் பெயர் ஒரு வரிசையிலும் மதிப்பெண் வேறு வரிசையிலும் நிற்கிறது. ஒரு வகுப்பே திறந்து வேலை செய்த ஃபைலை யாரோ துடைத்துவிட்டார்கள், யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. பழியை நெட் ஸ்பீடு மேல் போடுவது வழக்கம். உண்மையில் இவற்றில் பெரும்பாலானவை இரண்டு கேள்விகளைத் தொடக்கத்திலேயே கேட்காததால் வருபவை. ஃபைல் யாருடைய கணக்கில் உருவானது? யாருக்கு எந்த அளவு அனுமதி கொடுத்திருக்கிறோம்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பள்ளியில் சுமாரான இணைய இணைப்பை வைத்தே நல்ல வேலை நடக்கும்.

நம் பள்ளிகளில் கூகுள் புழக்கம் அதிகம் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

உரிமையாளர் யார்

சொந்த ஜிமெயில் கணக்கில் உருவாக்கிய ஃபைலுக்கு உரிமையாளர் அந்த ஆசிரியர். அதைத் தலைமையாசிரியர் பகிர்ந்த ஃபோல்டருக்குள் போட்டாலும் உரிமை மாறாது. ஃபோல்டர் ஒருவருடையது, உள்ளே இருக்கிற ஃபைல் இன்னொருவருடையது என்ற நிலை டிரைவில் சர்வ சாதாரணம். பலரும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். உரிமையாளர் தன் கணக்கில் இடமில்லை என்று பழையதை அழித்தால், அது 30 நாள் டிராஷில் கிடந்துவிட்டு எல்லோருக்கும் சேர்த்து மறைந்துவிடும். இரண்டு ஆண்டுகள் தொடாத கணக்கையே கூகுள் நீக்கக்கூடும். 2023 டிசம்பரிலிருந்து அந்த விதி நடைமுறையில் இருக்கிறது.

மாறுதல் கலந்தாய்வில் ஆசிரியர்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் அரசுப் பள்ளிகளில் இது சின்ன விஷயமில்லை. விடுவிப்பு ஆணை வாங்குவதற்கு முன்னால் பதிவேடுகளை ஒப்படைப்பது போலவே ஃபைல்களின் உரிமையையும் ஒப்படைக்க வேண்டும். கணினியில் டிரைவைத் திறந்து, ஃபைலின் ஷேர் பெட்டியில் பெறுபவரை எடிட்டராகச் சேர்த்து, அவர் பெயருக்குப் பக்கத்து மெனுவில் 'டிரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப்' கொடுக்க வேண்டும். அவருக்கு மெயில் போகும். அவர் அதை ஏற்றுக்கொண்டால்தான் உரிமை மாறும், அதுவரை பழையபடியேதான். ஃபோல்டரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே இருக்கும் ஃபைல்களின் உரிமை அதோடு சேர்ந்து மாறாது. ஃபோல்டருக்குள் போய், ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

இதைவிட நல்ல வழி, பள்ளி பெயரில் ஒரு பொதுக் கணக்கு திறந்து, பொது ஃபைல்கள் எல்லாவற்றையும் அதிலேயே பிறக்க வைப்பது. ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. அந்தக் கணக்கின் இரண்டடுக்குச் சரிபார்ப்பு ஹெச்.எம். அவர்களின் சொந்த போனில் இருக்கும். அவர் பணி நிறைவு பெற்றுப் போன பிறகு புதிய கணினியில் உள்ளே நுழைய முயன்றால், ஓடிபி அவர் போனுக்குப் போகும். கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் 'பேக்கப் கோட்ஸ்' என்று பத்து எண்கள் எடுத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். அதை அச்சிட்டு உறையில் போட்டு பள்ளி பீரோவில் வைத்துவிடுங்கள். கணக்கின் கடவுச்சொல்லை எல்லா ஆசிரியர்களுக்கும் கொடுப்பது வேண்டாம். பொதுக் கணக்கு ஃபோல்டரை வைத்திருக்கும், ஆசிரியர்கள் தங்கள் தங்கள் கணக்கிலிருந்து எடிட்டராக வேலை செய்வார்கள். அப்போதுதான் யார் எதை மாற்றினார்கள் என்ற தடம் இருக்கும். புது ஃபைலை மட்டும் பொதுக் கணக்கில் உருவாக்கி ஃபோல்டரில் வைக்கும் பொறுப்பை ஒருவர் எடுத்துக்கொண்டால் போதும்.

சொந்தமாக டொமைன் பெயர், அதாவது இணைய முகவரி, வைத்திருக்கும் பள்ளியாக இருந்தால் 'வொர்க்ஸ்பேஸ் ஃபார் எஜுகேஷன்' பதிப்புக்கு விண்ணப்பிக்கலாம். அடிப்படைப் பதிப்பு இலவசம். பள்ளி உண்மையில் பள்ளிதானா என்று கூகுள் சரிபார்த்த பிறகு கிடைக்கும், அதற்குக் காத்திருக்க வேண்டும். மொத்தப் பள்ளிக்கும் சேர்த்து 100 டெராபைட் இடம். அதைவிட முக்கியம், இதில் 'ஷேர்டு டிரைவ்' உண்டு. அதில் வைக்கும் ஃபைலுக்கு எந்தத் தனி ஆசிரியரும் உரிமையாளர் இல்லை, நிறுவனம்தான். ஆசிரியர் போனாலும் ஃபைல் நிற்கும். அட்மின் கணக்கு குறைந்தது இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். வேலையை விட்டுப் போன ஆசிரியரின் கணக்கை உடனே அழித்துவிடக் கூடாது. அழிக்கும்போது அவருடைய டிரைவ் ஃபைல்களை யாருக்கு மாற்றுவது என்று கேட்கும், அதில் ஒருவரைக் குறிப்பிட வேண்டும். தவறி அழித்துவிட்டால் மீட்க 20 நாள்தான் அவகாசம்.

அனுமதி என்னும் சாவி

வியூவர் பார்க்கலாம், கமென்டர் குறிப்பு எழுதலாம், எடிட்டர் திருத்தலாம். இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது லிங்க்கின் அமைப்பு. 'எனி ஒன் வித் த லிங்க்' என்று வைத்து எடிட்டர் கொடுத்தால், அந்த லிங்க் எந்த வாட்ஸ்அப் குழுவுக்குப் போனாலும் அங்கிருக்கிற எல்லோருக்கும் அழிக்கும் உரிமை போய்விட்டது என்று பொருள். உள்நுழையாமல் திறப்பவர்கள் திரையில் ஏதோ ஒரு விலங்கின் பெயரில் தெரிவார்கள். பின்னால், யார் எப்போது மாற்றினார் என்று காட்டும் வெர்ஷன் ஹிஸ்டரியில் போய்ப் பார்த்தாலும் அவர்கள் செய்தது எல்லாம் பெயரற்றவர்கள் கணக்கில்தான் இருக்கும்.

ஆசிரியர்களுக்குள் பகிரும்போது மின்னஞ்சல் முகவரி போட்டே பகிருங்கள். ஷேர் பெட்டியின் மேல்மூலையில் உள்ள பல்சக்கரத்தை அழுத்தினால், எடிட்டர்கள் மற்றவர்களுக்குப் பகிரலாம் என்ற இடத்தில் டிக் இருக்கும். வினாத்தாள், மதிப்பெண் போன்றவற்றுக்கு அதை எடுத்துவிட வேண்டும். ஃபோல்டருக்குக் கொடுத்த அனுமதி உள்ளே போடும் ஒவ்வொரு ஃபைலுக்கும் இறங்கும் என்பதை மறக்கவே கூடாது. மாணவர்களோடு பகிர்ந்த 'பத்தாம் வகுப்பு அறிவியல்' ஃபோல்டருக்குள் வசதிக்காக அடுத்த வாரத் தேர்வுத்தாளைச் சேமித்தால், அது அந்த நொடியே வகுப்பு முழுவதற்கும் திறந்துவிடும். மாணவர் ஃபோல்டரும் ஆசிரியர் ஃபோல்டரும் ஒன்றுக்குள் ஒன்றாக இல்லாமல், தனித்தனி மரமாக இருக்கட்டும்.

பயிற்சித்தாளைக் கொடுத்து ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு நகல் எடுத்து நிரப்ப வேண்டுமென்றால், லிங்க்கை வியூவராக வையுங்கள். பிறகு அந்த லிங்க்கின் கடைசிப் பகுதியில் எடிட் என்று ஆங்கிலத்தில் இருப்பதிலிருந்து முடிவு வரை அழித்துவிட்டு, அதே இடத்தில் காப்பி என்று ஆங்கிலத்தில் அடித்து அனுப்புங்கள். திறப்பவருக்கு நகல் எடுக்கவா என்ற பொத்தான் மட்டும் வரும். மூல ஃபைலில் யாரும் கை வைக்க முடியாது.

ஒரே ஃபைலில் நாற்பது பேர்

கட்டுரை, வினாத்தாள் தட்டச்சு செய்யும் கூகுள் டாக்ஸில் ஒரே நேரத்தில் 100 பேர் வரை வேலை செய்யலாம் என்கிறது கூகுள். கணினி அதைத் தாங்கும், வகுப்பறை தாங்காது. ஒரே டாக்ஸ் பக்கத்தில் பத்துப் பேர் எழுதும்போது, மேலே ஒருவர் ஒரு வரி சேர்த்தால் கீழே எழுதிக்கொண்டிருப்பவரின் வரி நகர்ந்துகொண்டே இருக்கும். பிள்ளைகள் தட்டச்சு செய்துகொண்டிருந்த இடத்தைத் தொலைத்துவிட்டு, அடுத்தவர் வாக்கியத்துக்குள் எழுதத் தொடங்குவார்கள். சத்தம் கிளம்பும். கண்ட்ரோல் இசட் அழுத்திப் பார்ப்பார்கள். அது அவரவர் செய்ததை மட்டும்தான் திரும்பப் பெறும், மற்றவர் அழித்ததைக் கொண்டுவராது.

குழு வேலைக்கு, பவர்பாயின்ட் போன்ற கூகுள் ஸ்லைட்ஸ் எவ்வளவோ மேல். ஒரு குழுவுக்கு ஒரு ஸ்லைடு. ஒருவர் ஸ்லைடில் நடப்பது மற்றவரின் ஸ்லைடை அசைக்காது. இடப்பக்கப் பட்டையில் எட்டுக் குழுவின் வேலையும் சிறு படங்களாக வளர்ந்து வருவதை ஆசிரியர் ஒரே பார்வையில் பார்க்கலாம். எந்தக் குழு இன்னும் வெள்ளைத் தாளாக இருக்கிறது என்பது ஐந்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும். எனக்கு இந்த ஒரு வசதிக்காகவே ஸ்லைட்ஸ் பிடிக்கும்.

இதில் ஒரு நுணுக்கம். கேள்வி, தலைப்பு, கட்டம், வரைபடம் எல்லாவற்றையும் சாதாரணமாக ஸ்லைடில் போட்டால், பிள்ளைகள் கை பட்டு அவை நகரும், அழியும். அவற்றை ஸ்லைடு மெனுவில் 'எடிட் தீம்' திறந்து அங்கே ஒரு லேஅவுட்டுக்குள் போடுங்கள். உதாரணத்துக்கு எட்டாம் வகுப்பு அறிவியலில் தாவர செல், விலங்கு செல் ஒப்பீடு என்றால், இரண்டு படமும் நடுக்கோடும் 'ஒற்றுமை', 'வேற்றுமை' என்ற தலைப்புகளும் லேஅவுட்டில் இருக்க வேண்டும். வெளியே வந்து அந்த லேஅவுட்டை ஸ்லைடுக்குக் கொடுத்தால் அது பின்னணியாக ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் அதன் மேல் எழுத்துப் பெட்டி வைத்து எழுதலாம், பின்னணியை அசைக்க முடியாது. முதல் தடவை பத்து நிமிடம் பிடிக்கும். பிறகு ஸ்லைடை நகலெடுத்து எட்டாக்கி, ஒவ்வொன்றின் மூலையிலும் குழு எண்ணைப் பெரிதாகப் போட்டுவிட்டால் தயார்.

டாக்ஸையே பயன்படுத்த வேண்டிய வேலை, கூட்டாகக் கட்டுரை எழுதுவது போன்றது, வந்தால் ஒரு அட்டவணை போட்டுக் குழுவுக்கு ஒரு கட்டம் கொடுங்கள். இல்லையென்றால் குழுவுக்கு ஒரு டாக்ஸ். தொடங்குவதற்கு முன் ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரிக்குப் போய் அப்போதைய நிலைக்கு 'வகுப்புக்கு முன்' என்று பெயர் வைத்துவிடுங்கள். யாராவது எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தாலும் பதற வேண்டாம். ஹிஸ்டரியைத் திறந்து, அழிவதற்கு முந்தைய நேரத்தைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டோர் கொடுத்தால் வந்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும் மற்றவர்களை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இல்லையென்றால் இடையில் அவர்கள் எழுதியது அந்த நிலையில் இருக்காது.

கட்டுரை திருத்தும்போது நேரடியாகத் திருத்தாமல், வலது மேல்மூலையில் பென்சில் படத்தை அழுத்தி 'சஜெஸ்டிங்' முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். ஒற்றுப்பிழையை ஆசிரியர் திருத்திய இடம் வண்ணத்தில் தெரியும், பிள்ளை ஒவ்வொன்றையும் பார்த்து ஏற்க வேண்டியிருக்கும். ஒரே பிழை பத்து இடத்தில் வந்தால் முதல் இரண்டைத் திருத்திவிட்டு, மற்றவற்றை நீயே தேடு என்று ஒரு கமென்ட் போடுவது எல்லாவற்றையும் திருத்திக் கொடுப்பதைவிடப் பயன் தரும்.

பிள்ளைகளுக்குக் கணக்கு

இந்தியாவில் சொந்தமாக கூகுள் கணக்கு வைத்துக்கொள்ள 13 வயது ஆக வேண்டும். அப்படியென்றால் ஆறாம், ஏழாம் வகுப்பில் பெரும்பாலோருக்குச் சொந்தக் கணக்கு என்ற பேச்சே இல்லை. அதற்கு மேற்பட்ட வகுப்பிலும் ஆசிரியர் தன் போன் எண்ணை வைத்து நாற்பது கணக்கு உருவாக்கலாம் என்று உட்கார்ந்தால், சில கணக்குகளிலேயே இந்த எண்ணைப் பலமுறை பயன்படுத்தியாகிவிட்டது என்று கூகுள் நிறுத்திவிடும். வயதைக் கூட்டிப் போட்டுக் கணக்கு திறப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். வயது குறைந்த பிள்ளைகளுக்கு உள்ள காப்பு எல்லாம் அதோடு போய்விடும்.

கணக்கு இல்லாத வகுப்புக்கு ஒரு வழி உண்டு. ஆளைப் பிரித்து அடையாளம் காண முடியாதபோது ஃபைலைப் பிரித்துக் கொடுங்கள். குழு 1க்கு ஒரு ஸ்லைட்ஸ் ஃபைல், குழு 2க்கு ஒன்று. எல்லோரும் விலங்குப் பெயரில்தான் தெரிவார்கள். ஆனாலும் மூன்றாம் ஃபைலில் நடந்தது மூன்றாம் குழுவின் வேலை என்பது நிச்சயம். பீரியடு முடிந்த கையோடு எல்லா லிங்க்கையும் எடிட்டரிலிருந்து வியூவராக மாற்றிவிட வேண்டும். இதை அடுத்த பீரியடுக்குத் தள்ளினால் மறந்துபோகும்.

லிங்க்கைத் தட்டச்சு செய்ய வைத்தால் பாதி நேரம் போய்விடும். குரோமில் அந்தப் பக்கத்தைத் திறந்து வலது கிளிக் செய்தால் க்யூஆர் கோடு உருவாக்கும் வசதி இருக்கிறது. அதைப் பெரிதாக அச்சிட்டு ஒட்டிவிடுங்கள். 2018 முதல் வந்த நம் பாடநூல்களிலேயே க்யூஆர் கோடு இருப்பதால் பிள்ளைகளுக்கு இது பழகிய விஷயம். ஆய்வகக் கணினியில் கேமரா இல்லையென்றால், எல்லா லிங்க்கும் கொண்ட ஒரே பக்கத்தை ஒவ்வொரு கணினியின் பிரௌசரிலும் முகப்பாக வைத்துவிடலாம்.

பள்ளியின் கணினி ஆய்வகமான ஹைடெக் லேபில் பிள்ளைகள் கணக்கோடு நுழைகிறார்கள் என்றால், குரோமின் 'கெஸ்ட்' சன்னலைத் திறந்து நுழையச் சொல்லுங்கள். சாதாரண சன்னலில் நுழைந்தால் கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்கும், பிள்ளை சேமி என்று அழுத்தும், அடுத்த வகுப்புப் பிள்ளை அந்தக் கணக்கில்தான் உட்காரும். கெஸ்ட் சன்னலை மூடினால் எதுவும் தங்காது. முதல் முறை உள்நுழைவதற்கென்றே ஒரு முழு பீரியடு ஒதுக்குங்கள். அன்று பாடம் நடத்தும் திட்டம் வேண்டாம்.

வீட்டில் நிலைமை வேறு. போன் அப்பாவுடையது, அதில் அவருடைய கணக்கு. ஆசிரியருக்கு அனுமதி கேட்டு வரும் மெயிலில் அப்பாவின் பெயரோ கடையின் பெயரோ இருக்கும். அண்ணனும் தங்கையும் ஒரே போனிலிருந்து இரண்டு வகுப்புக்கு வேலை அனுப்புவார்கள். அதனால் பதில் வாங்க அனுப்பும் எந்த கூகுள் ஃபார்மிலும் முதல் கேள்வி வகுப்பு, பிரிவு, இரண்டாவது வரிசை எண் என்று வையுங்கள். இரண்டையும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் கேள்வியாக வையுங்கள். கையால் எழுத விட்டால் '10 ஆ', '10பி', 'பத்து பி' என்று ஒரே பிரிவு மூன்றாக வந்து நிற்கும்.

வீட்டுப்பாடம் கொடுத்து வாங்கும் கூகுள் கிளாஸ்ரூம் பயன்படுத்துபவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. அசைன்மென்ட்டில் ஃபைலை இணைக்கும்போது மாணவர் பார்க்கலாம், மாணவர் திருத்தலாம், ஒவ்வொரு மாணவருக்கும் நகல் என்று மூன்று தேர்வு வரும். இயல்பாக நிற்பது 'பார்க்கலாம்'. நகல் என்பதை அனுப்புவதற்கு முன்பே தேர்ந்தெடுக்க வேண்டும், அனுப்பிய பிறகு மாற்ற வழியில்லை. நகல் கொடுத்தால் ஃபைலின் பெயரில் மாணவர் பெயரும் சேர்ந்துவரும். பிள்ளை 'டர்ன் இன்' அழுத்தியதும் ஃபைல் ஆசிரியர் கைக்கு மாறும், ஆசிரியர் திருப்பிக் கொடுக்கும்வரை, அல்லது பிள்ளையே 'அன்சப்மிட்' கொடுத்துத் திரும்பப் பெறும்வரை, அதைத் திருத்த முடியாது. திருத்தச் சொல்லிவிட்டு ரிட்டர்ன் கொடுக்க மறந்தால், சார் திறக்கவே மாட்டேங்குது என்று மறுநாள் வந்து நிற்பார்கள்.

மதிப்பெண் பட்டியல்

ஆசிரியர்கள் கூட்டாகப் பயன்படுத்தும் ஃபைல்களில் அதிகம் கெடுவது இதுதான். கெடும் விதமும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே. ஒருவர் பெயர் உள்ள பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்துகிறார். பெயர்கள் நகர்கின்றன, மதிப்பெண்கள் அப்படியே நிற்கின்றன. எக்செல் போன்ற கூகுள் ஷீட்ஸ் எந்த எச்சரிக்கையும் காட்டாது, ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஏதோ ஒரு மதிப்பெண் இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளை பெயிலாகித் தெரிந்தால்தான் தெரியவரும்.

இதைத் தடுக்க, டேட்டா மெனுவில் 'புரொடெக்ட்' வசதியைக் கொண்டு வரிசை எண், பெயர் பத்திகளைப் பூட்டிவிட்டு ஒருவருக்கு மட்டும் திருத்தும் அனுமதி கொடுங்கள். பாட ஆசிரியர்களுக்கு அவரவர் பாடப் பத்தி மட்டும் திறந்திருக்கட்டும். வரிசைப்படுத்திப் பார்க்க விரும்புபவர்கள் அதே மெனுவில் 'ஃபில்டர் வியூ' உருவாக்கிக்கொண்டால், அது அந்தப் பார்வையில் மட்டும்தான் மாறும். சாதாரண ஃபில்டர் போட்டால் அதைத் திறந்து வைத்திருக்கும் எல்லோருக்கும் மாறும், பாதிப் பிள்ளைகளைக் காணவில்லை என்று போன் வரும்.

மதிப்பெண் கட்டங்களுக்கு 'டேட்டா வேலிடேஷன்' போட்டு 0 முதல் 100 வரை மட்டும் ஏற்கச் செய்யுங்கள். 78க்குப் பதில் 788 விழாது. தேர்வுக்கு வராத பிள்ளைக்குச் சுழியம் போடாதீர்கள், கட்டத்தை வெறுமையாக விட்டு, பக்கத்துப் பத்தியில் 'வரவில்லை' என்று குறியுங்கள். சராசரிச் சூத்திரம் வெற்றுக் கட்டத்தைக் கணக்கில் சேர்க்காது, சுழியத்தைச் சேர்த்துவிடும். ஐந்து பேர் வராத வகுப்பின் சராசரி அதனால் மளமளவென்று இறங்கும். ஒரு மதிப்பெண்ணை யார் மாற்றினார் என்று சந்தேகம் வந்தால், அந்தக் கட்டத்தில் வலது கிளிக் செய்து 'ஷோ எடிட் ஹிஸ்டரி' பாருங்கள். பெயர், நேரம், முன்பிருந்த எண் எல்லாம் இருக்கும்.

ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள 16 இலக்க எமிஸ் அடையாள எண்களை ஷீட்ஸிலோ எக்செலிலோ ஒட்டும்போது கடைசி இலக்கம் சுழியமாக மாறிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். இவை ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட் மெனுவில் நம்பர், அதில் 'பிளெயின் டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள். ஒட்டிய பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது.

பெற்றோருக்கு மதிப்பெண் காட்ட, மற்ற பிள்ளைகளின் வரிசைகளை மறைத்துவிட்டு லிங்க் அனுப்புவதும் நடக்கிறது. மறைத்தல் பூட்டு ஆகாது. பார்ப்பவர் ஒரு நகல் எடுத்தால் மறைத்ததெல்லாம் திறந்துவிடும். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்த எல்லோரையும் குழந்தை என்கிறது, அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. மதிப்பெண், சாதி, முகவரி, ஆதார் எண் கொண்ட ஷீட்டை லிங்க்கில் பகிர்வது எந்த வகையிலும் சரியில்லை. அந்தந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணை மட்டும் தனித்தாளாகப் பிடிஎஃப் எடுத்துக் கொடுங்கள்.

இடம் தீரும் கணக்கு

சொந்தக் கணக்கில் இலவசம் 15 ஜி.பி., ஜிமெயிலும் போட்டோஸும் சேர்த்துத்தான். நாற்பது பிள்ளைகள் தினம் இரண்டு வீட்டுப்பாடப் படம், ஒவ்வொன்றும் 4 எம்.பி. என்றால் நாளுக்கு 320 எம்.பி. மற்றது எதுவும் இல்லாத கணக்கே 48 நாளில் நிரம்பும். நிரம்பினால் மெயில் வருவதும் நின்றுவிடும். கூகுள் ஃபார்மில் ஃபைல் அப்லோடு கேள்வி வைத்தால் அந்தப் படங்கள் எல்லாம் ஃபார்ம் உருவாக்கியவர் கணக்கில்தான் விழும். ஃபார்முக்கு மொத்த வரம்பு இயல்பாக 1 ஜி.பி. இதே வேகத்தில் நான்காம் நாள் ஃபார்ம் மூடிக்கொள்ளும், அமைப்பில் போய் வரம்பைக் கூட்ட வேண்டும். அந்தக் கேள்வி இருந்தால் அனுப்புபவர் கூகுள் கணக்கில் உள்நுழைந்தே ஆக வேண்டும் என்பதையும் கவனியுங்கள்.

கேமராவில் படம் எடுப்பதற்குப் பதில் டிரைவ் செயலியிலேயே உள்ள ஸ்கேன் வசதியில் எடுத்தால், பக்கங்கள் சேர்ந்து ஒரே பிடிஎஃப் ஆகும், அளவும் குறையும், எழுத்தும் தெளிவாக இருக்கும். வீடியோவை அப்லோடு செய்ய வேண்டாம், யூடியூபில் 'அன்லிஸ்டட்' ஆகப் போட்டு லிங்க் கொடுங்கள். பிள்ளைகள் முகம் தெரியும் வீடியோவை மட்டும் அங்கே போடக் கூடாது.

தமிழ் எழுத்து

பழைய வினாத்தாள்கள் பல பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. அவற்றை டாக்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பம்தான் தெரியும். ஃபைல் கெட்டுவிடவில்லை. அந்த எழுத்துருக்கள் உள்ளுக்குள் ஆங்கில எழுத்துகளைத்தான் வைத்திருக்கின்றன, வடிவத்தை மட்டும் தமிழாகக் காட்டுகின்றன. டாக்ஸில் அந்த எழுத்துரு இல்லாததால் உண்மை முகம் தெரிகிறது. என்.ஹெச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவியில் கொடுத்து, எங்கே திறந்தாலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். முழுத்தாளையும் ஒரே மூச்சில் கொடுத்தால், உண்மையிலேயே ஆங்கிலத்தில் இருக்கும் வேதியியல் வாய்பாடுகளும் அலகுகளும் தமிழ் எழுத்தாக மாறி நாசமாகும். தமிழ்ப் பகுதிகளை மட்டும் துண்டு துண்டாக மாற்ற வேண்டும், நேரம் எடுக்கத்தான் செய்யும். ஒருமுறை மாற்றிவிட்டால் தேடலிலும் அகப்படும், போனிலும் படிக்கலாம். டாக்ஸின் எழுத்துருப் பட்டியலில் 'மோர் ஃபான்ட்ஸ்' திறந்து நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, ஹிந்த் மதுரை போன்றவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அச்சுத்தாள் மட்டும் கையில் இருந்தால், அதை நேராகப் படமெடுத்து 2 எம்.பி.க்குள் டிரைவில் ஏற்றி, வலது கிளிக் செய்து டாக்ஸில் திறந்தால் எழுத்தைப் பிரித்துக் கொடுக்கும். தமிழையும் நன்றாகவே படிக்கிறது. இரண்டு பத்தி அமைப்பும் அட்டவணையும் குலையும், ணகர நகரங்களை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். தட்டச்சு வராதவர்கள் குரோமில் டூல்ஸ் மெனுவின் 'வாய்ஸ் டைப்பிங்' திறந்து, மொழியைத் தமிழ் என்று வைத்துப் பேசலாம். நிறுத்தக்குறிகளைப் பிறகு கையால் போட்டுக்கொள்வது நல்லது.

கணிதத் தாளுக்கு மட்டும் என் கருத்து வேறு. சமன்பாடுகள் நிறைந்த வேர்ட் ஃபைலை டாக்ஸாக மாற்ற வேண்டாம், உருவம் சிதையும். வேர்ட் ஃபைலாகவே டிரைவில் வைத்து, திருத்துவது ஒருவர் என்று முடிவு செய்துகொண்டு, மற்றவர்கள் கமென்ட்டில் சொல்வது போதும். மைக்ரோசாஃப்ட் பக்கம் பழகியவர்கள் ஒன்ட்ரைவில் வைத்து பிரௌசரிலேயே வேர்டைத் திறந்து கூட்டாகத் திருத்தலாம். சொந்தக் கணக்கில் இலவச இடம் 5 ஜி.பி.தான், வினாத்தாள்களுக்கு அது தாராளம்.

ஆண்டு இறுதியில்

ஃபைல் பெயரை '10ஆ_அறிவியல்_அலகு07_தேர்வு_2025-08' என்ற வரிசையில் வைத்திருந்தால் ஏப்ரலில் வேலை எளிது. எண்ணுக்கு முன் சுழியம் போடுவதும், மாதத்துக்கு முன்னால் ஆண்டை எழுதுவதும் பட்டியலில் வரிசை குலையாமல் இருக்கத்தான். கிளாஸ்ரூமில் வகுப்பை ஆர்க்கைவ் செய்யுங்கள். மாணவர் லிங்க்குகளை எல்லாம், அனுமதி பெற்றவர் மட்டும் திறக்கும்படி, 'ரெஸ்ட்ரிக்டட்' ஆக்குங்கள். பொதுக் கணக்கில் அந்த ஆண்டு ஃபோல்டரை வலது கிளிக் செய்து டவுன்லோடு கொடுத்தால் ஜிப் ஃபைலாக இறங்கும், டாக்ஸ் வேர்டாகவும் ஷீட்ஸ் எக்செலாகவும் மாறிவரும். ஃபார்ம்கள் அதில் வராது என்பதால் பதில்களை ஷீட்டோடு இணைத்து வைத்திருக்க வேண்டும். பெரிய ஃபோல்டர் பல ஜிப்களாகப் பிரிந்து வரும், எல்லாம் இறங்கிவிட்டதா என்று எண்ணிப் பாருங்கள்.

இதைச் செய்வதற்கு ஒரு காரணம் கூகுளிலேயே இருக்கிறது. ஜாம்போர்டு என்ற வெண்பலகைச் செயலியை நம்பி எத்தனையோ ஆசிரியர்கள் பாடம் தயாரித்தார்கள். 2024 அக்டோபர் 1 முதல் அதில் பார்க்க மட்டும் முடிந்தது, டிசம்பர் 31உடன் நிறுத்திவிட்டார்கள். இறக்கிய ஜிப்பைப் பள்ளியின் வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி, ஹெச்.எம். அறைக் கணினியில் ஒரு பிரதி என்று வைத்து, இரண்டிலும் ஏதாவது ஐந்து ஃபைலைத் திறந்து பார்த்த பிறகுதான் டிரைவில் உள்ள பழைய வீடியோக்களையும் படங்களையும் அழிக்கத் தொடங்க வேண்டும்.